குதிரை நின்ற கட்டம்



பத்தாண்டுகளாகக் கவிதை ஒன்றையே பேசிவந்த அவையில் சதுரங்கப் பேச்சு எதற்கு என்னும் கேள்வி எழுவது இயல்பே. ஒரு சொல்லின் ஆற்றல் அகராதிப் பொருளிலிருந்து பிறக்கிறதா, அடியில் அது பெற்ற இடத்திலிருந்து பிறக்கிறதா என்னும் வழக்கு இவ்வவைக்குப் பழையது. தொல்காப்பியம் ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து நிலைகளை வகுத்துரைக்கும். ஈற்றசையாக நிற்கும் ஏகாரம் ஓசையை நிரப்புவதோடு அமைந்துவிடும். தேற்றமாக நிற்கும் அதே ஏகாரம் தொடர் முழுவதற்கும் உறுதி தரும். எழுத்து ஒன்றே, நின்ற இடம் வேறு. இதே வழக்கு 64 கட்டங்களில் நடந்த கதையே இன்றைய பேச்சின் பொருள்.

சதுரங்கம் பயிலத் தொடங்கும் சிறுவனுக்கு முதற்கண் ஒரு விலைப்பட்டியல் சொல்லித் தரப்படும். காலாளுக்கு 1, குதிரைக்கு 3, குறுக்காகச் செல்லும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, அரசிக்கு 9. பட்டியல் பொய்யன்று, ஆயினும் அது சந்தை விலை. பலகையின் மூலையில் நிற்கும் குதிரை தாவக்கூடிய கட்டங்கள் 2. நடுவில் நிற்கும் குதிரைக்கு 8. விலை இரண்டுக்கும் 3 என்றே பட்டியல் சொல்லும். எதிரியின் காய்களை வெட்டிக் குறைப்பவன் வெல்வான் என்பது தொடக்க நிலைப் பாடம். காய்களை வெட்டாமலே அவற்றுக்குச் செல்ல இடமில்லாமற் செய்பவனும் வெல்வான் என்பது மேல்நிலைப் பாடம். அந்த இரண்டாவது முறைக்கே நிலை ஆதிக்கம் என்று பெயர்.

இதனை ஒரு கோட்பாடாக எழுதி வைத்தவர்களுள் முதன்மையானவர் ரீகா நகரில் 1886இல் பிறந்த ஆரோன் நிம்சோவிச். அவருடைய ‘என் முறைமை’ என்னும் நூல் 1925இல் வெளிவந்தது. கட்டுப்படுத்துதல், வழியடைத்தல், வருமுன் தடுத்தல் என்பன அதில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள். நூலுக்கு முன்பே, 1923இல், கோபன்ஹேகனில் சேமிஷ் என்பவருக்கு எதிராக ஆடிய ஆட்டத்தில் அவர் அதைச் செய்து காட்டியிருந்தார். இரு காலாட்களுக்காக ஒரு குதிரையைக் கொடுத்துவிட்டு, 25ஆம் நகர்த்தலில் வலப்புற ஓரத்துக் காலாளை ஒரே ஒரு கட்டம் தள்ளினார். அந்த நகர்த்தல் எதையும் தாக்கவில்லை. ஆனால் வெள்ளைக்கு ஓரிரு காலாள் நகர்த்தல்களைத் தவிர, எதை அசைத்தாலும் இழப்பே எஞ்சியது. அரசி, இரு யானைகள், இரு மந்திரிகள், ஒரு குதிரை என்று படை நிறைந்திருக்கையிலேயே சேமிஷ் தோல்வியை ஒப்புக்கொண்டார். நகர்ந்தே ஆகவேண்டும், நகர்ந்தால் கெடும் என்னும் இந்நிலையை ஜெர்மானியர் ‘சுக்ஸ்வாங்’ என்பர்.

ஏழாண்டுகள் கழித்து, 1930இல், இத்தாலியின் சான் ரெமோவில் உலக வெற்றிவீரர் அலேகைன் அதே நிம்சோவிச்சை எதிர்கொண்டார். நடுவே ஒரு நெடுவரிசையில் யானை, அதன் பின் யானை, அதற்கும் பின்னே அரசி என்று மூன்று பெருங்காய்களையும் ஒரே கோட்டில் நிறுத்தினார். கருப்பின் அரசன் தன் யானைகளுக்குக் காவலாளாக ஓடிவந்து நடுப்பலகையில் நின்றது. அரசனுக்கு இதைவிடப் பெரிய இறக்கம் வேண்டியதில்லை. 30ஆம் நகர்த்தலில் அலேகைனும் ஓர் ஓரக் காலாளையே தள்ளினார், நிம்சோவிச் எழுந்துகொண்டார். கட்டும் கலைக்கு இலக்கணம் எழுதியவர் அந்த இலக்கணம் பிசகாமல் கட்டுண்டார். யாப்பில் தளை என்பது சீரோடு சீரைப் பிணைப்பது. உலக வழக்கில் தளை என்பது விலங்கு. இவ்வாட்டத்தில் அவ்விரு பொருளும் ஒன்றாகிவிட்டன.

இந்தக் கலை பிற்காலத்தில் முழுமை பெற்றது அனடோலி கார்ப்போவின் கையில் எனலாம். 1974இல் நீஸ் நகர ஒலிம்பியாடில் உன்சிக்கருக்கு எதிராக அவர் ஆடிய ஆட்டம் அதற்குச் சான்று. பலகையின் இடப்புற ஓர வரிசை திறந்து கிடந்தது. இருபுறத்து யானைகளும் அவ்வழியில் மோதி வெட்டுண்டு மறைய வேண்டிய தருணம். அவ்வேளையில், 24ஆம் நகர்த்தலில், கார்ப்போவ் தம் மந்திரியைக் கருப்பின் எல்லைக்குள் ஆழச் செலுத்தி, அந்த வரிசையையே அடைத்து நிறுத்தினார். பார்ப்பவர்க்கு அது தம் வழியைத் தாமே மறித்துக்கொள்ளும் செயலாகத் தோன்றும். உண்மையில் கதவு சாத்தப்பட்டது. திறவுகோல் அவரிடம் இருந்தது. மந்திரியின் நிழலில் யானைகளை அவர் நிதானமாக அடுக்கினார். மந்திரி விலகும் நாளில் வரிசை முழுதும் வெள்ளைக்கே உரியதாகும் என்ற அச்சத்தில் கருப்பின் காய்கள் அங்கேயே கட்டுண்டு கிடக்க, அவர் மறுபுறத்தில் தாக்குதலைத் தொடங்கினார். 44 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. கார்ப்போவின் ஆட்டத்தை வறட்சி என்று இகழ்ந்தவர் உண்டு. இந்த ஒரு நகர்த்தலைக் கண்டபின் அவ்வாறு சொல்வது எளிதன்று.

இத்தகைய கார்ப்போவுக்கு 1985இல் மாஸ்கோவில் நேர்ந்ததே இப்பேச்சின் மையம்.

அதற்கு முந்தைய போட்டி 48 ஆட்டங்கள் நீண்டு, முடிவு காணாமலே, 1985 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டிருந்தது. செப்டம்பரில் புதிய போட்டி தொடங்கியது. இம்முறை 24 ஆட்டங்கள் என்று வரம்பு உண்டு. 34 வயதுக் கார்ப்போவ் உலக வெற்றிவீரர். எதிரில் 22 வயதுக் காரி காஸ்பரோவ். 15 ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் ஏழரைப் புள்ளிகளுடன் சமநிலையில் இருந்தனர். 16ஆம் ஆட்டத்தில் கார்ப்போவுக்கு வெள்ளைக் காய்கள்.

கட்டங்களின் பெயரை இங்கு ஒருமுறை நினைவூட்டிக்கொள்வது நலம். நெடுவரிசைகளுக்கு இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எழுத்துகள்; குறுக்கு வரிசைகளுக்கு வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்கள்.

சிசிலியத் தற்காப்பில் தொடங்கிய அந்த ஆட்டத்தின் 8ஆம் நகர்த்தலில் காஸ்பரோவ் ஒரு காலாளைப் பலியிட முன்வந்தார். அதே போட்டியின் 12ஆம் ஆட்டத்தில் அவர் அதை ஒருமுறை செய்திருந்தார். அந்த ஆட்டம் 18 நகர்த்தல்களில் சமனாயிற்று. இம்முறை கார்ப்போவ் காலாளை எடுத்துக்கொண்டு, அதை விடாமல் காக்கத் தலைப்பட்டார். பட்டியலின்படி வெள்ளைக்கு 1 மிகுதி.

அந்த ஒன்றுக்கு ஈடாகக் கருப்பு பெற்றது நேரம். 16ஆம் நகர்த்தலில் கருப்பின் குதிரை டி3 கட்டத்தில் வந்து இறங்கியது. டி3 வெள்ளையின் சொந்த மண். அரசியின் பிறந்த வீட்டுக்கு இரண்டே கட்டம் முன்னால் உள்ளது. பின்னிருந்து எஃப்5 கட்டத்துக் கருப்பு மந்திரி அதற்குக் காவல். குதிரையின் எட்டுக் கால்களும் எட்டுக் கட்டங்களின் மேல் விழுந்தன: பி2, பி4, சி1, சி5, இ1, இ5, எஃப்2, எஃப்4. ஆட்ட உலகம் அதற்கு ‘ஆக்டோபஸ்’ என்று பெயர் சூட்டிற்று.

இனி வெள்ளையின் காய்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். யானைகள் இரண்டும் டி1, எஃப்1 கட்டங்களில் இருந்தன. யானைக்கு உயிர் திறந்த வரிசை. சி வரிசைக்கும் இ வரிசைக்கும் செல்ல அவை மிதிக்க வேண்டிய சி1, இ1 இரண்டையும் குதிரை தன் காலடியில் வைத்திருந்தது. வெள்ளையின் குதிரைகளோ இன்னும் இரங்கத்தக்கவை. ஒன்று பி1 கட்டத்துக்கு, புறப்பட்ட இடத்துக்கே, திரும்ப நேர்ந்தது. அங்கிருந்து செல்லக்கூடிய கட்டங்கள் மூன்று. அவற்றுள் ஏ3, சி3 இரண்டும் பி4இல் வந்து நின்ற கருப்புக் காலாளின் தாக்குதலில். மூன்றாவதாகிய டி2இல் தன் அரசியே வழிமறித்து நின்றது. மற்றொரு குதிரை ஏ4 என்னும் விளிம்பில் நின்றது. அதற்கு உரிய நான்கு கட்டங்களில் ஒன்றுகூடப் பாதுகாப்பானதாக இல்லை. இவ்வளவுக்கும் எந்தக் காயும் வெட்டப்படவில்லை என்பதைக் கருத வேண்டும். விலைப்பட்டியலில் அவை தத்தம் 3ஐயும் 5ஐயும் குறைவின்றிப் பெற்றே நின்றன.

காஸ்பரோவ் அதன்பின் விரைந்து தாக்கவில்லை. இளைஞர், தாக்குதலுக்கே பேர்பெற்றவர், ஆயினும் காத்திருந்தார். எங்கெங்கு மூச்சுவிடும் துளை தென்பட்டதோ அங்கங்கு ஒரு காலாளை வைத்தார். மற்றொரு குதிரையைப் பின்வாங்கி டி7இல் நிறுத்தினார். கார்ப்போவ் உன்சிக்கருக்குக் காட்டிய அதே பொறுமை, அதே நிதானம். ஆசானின் நடையை மாணாக்கன் எழுதிக்காட்டியது போல, கார்ப்போவுக்கு எதிராகக் கார்ப்போவின் ஆட்டமே ஆடப்பட்டது.

28ஆம் நகர்த்தலில் வெள்ளை, அதுகாறும் காத்துவந்த காலாளை முன்தள்ளிக் கைவிட்டது. காலம் கடந்துவிட்டது. 34ஆம் நகர்த்தலில் கார்ப்போவ் இறுதியாக டி3 குதிரையை வெட்டினார். அதற்குத் தம் அரசியைத் தரவேண்டியிருந்தது. மூன்று எடுப்பதற்கு ஒன்பது. கிடைத்த சிறு காய்களைக் கூட்டினால் கணக்கு அவ்வளவு மோசமில்லை என்று பட்டியல்காரர் சொல்லக்கூடும். பின்வரிசையில் கட்டுண்டு கிடந்த காய்கள் ஓடி விளையாட நேரமில்லாததால் அக்கணக்கு பயன்படவில்லை. 40ஆம் நகர்த்தலில் கருப்பு யானை இ1இல் வந்து அரசனைத் தாக்கிற்று. எந்தக் கட்டத்தை அக்குதிரை இத்தனை நேரம் காவல் காத்ததோ அதே இ1. கார்ப்போவ் தோல்வியை ஏற்றார்.

அந்தக் குதிரை ஆட்டம் முழுவதிலும் நகர்ந்தது மூன்றே முறை: 4ஆம் நகர்த்தலில் சி6, 10ஆம் நகர்த்தலில் பி4, 16ஆம் நகர்த்தலில் டி3. அதன்பின் அசையவேயில்லை. அது வெட்டிய காய் ஒன்றுமில்லை.

1985 நவம்பர் 9ஆம் நாள் 13–11 என்ற கணக்கில் காஸ்பரோவ் உலக வெற்றிவீரரானார். கதையை இங்கு நிறுத்துவோர் பலர். நிறுத்தினால் பாதி உண்மை மறைந்துபோகும்.

அடுத்த ஆண்டு, 1986இல், பிரஸ்ஸல்ஸ் நகரில் வான் டெர் வீல் என்னும் டச்சு ஆட்டக்காரர் அதே காலாள் பலியைக் கார்ப்போவுக்கு எதிராகக் கையாண்டார். கார்ப்போவ் இம்முறை ஆயத்தமாக வந்திருந்தார். 12ஆம் நகர்த்தலில் அரசனுக்குக் கோட்டை கட்டுவதை விடுத்து மந்திரியை இ3இல் வைத்தார். பலி கொடுத்த காலாளுக்குக் கருப்பால் ஈடு காட்ட இயலவில்லை. மாஸ்கோவில் அந்த நகர்த்தல் கார்ப்போவின் கைக்கு எட்டும் தொலைவிலேயே இருந்தது. அவர் அதைக் காணவில்லை, அவ்வளவே. அந்தப் பலி மறுக்கப்பட்ட ஒன்று என்பதே அதன்பின் ஆட்ட நூல்களின் முடிவு.

அப்படியானால் டி3 குதிரை பிழையின் மேல் கட்டிய மாளிகையா? கவிஞர்கள் இவ்வினாவை எளிதில் தள்ளிவிடக் கூடாது. தவறான செய்தியை அடிப்படையாகக் கொண்டு எழுந்த நல்ல பாடல்கள் எம்மொழியிலும் உண்டு. செய்தி பொய் என்று தெரிந்தபின் பாடல் என்னவாகிறது என்ற வழக்கு ஓய்ந்தபாடில்லை. சதுரங்கத்தில் உண்மை இன்னும் கடுமையானது. அங்கே மறுப்பு என்பது கருத்தன்று. நகர்த்தல் நகர்த்தலாக எழுதிக் காட்டக்கூடியது. ஆகவே, அழகு இருந்தால் போதும் என்று கூறி அந்தப் பலியின் குறையைப் பூசிமெழுக இடமில்லை.

ஆயினும் ஒன்று குறிப்பிடத்தக்கது. மறுப்பு 12ஆம் நகர்த்தலைச் சார்ந்தது. குதிரை டி3க்கு வந்தது 16இல். இடைப்பட்ட நகர்த்தல்களில், ஒரு காலாளின் மிகுதியைக் கைவிட மனமில்லாமல் வெள்ளை எடுத்த ஒவ்வோர் அடியும் அந்தக் கட்டத்தை வெறுமையாக்கி வைத்தது. பிரஸ்ஸல்ஸில் கார்ப்போவ் திருத்தியது 12ஆம் நகர்த்தலை. 16க்குப் பிந்திய நிலையில் வெள்ளைக்கு என்ன செய்திருக்க முடியும் என்று தேடுவோர்க்கு அந்தத் திருத்தத்தால் பயனில்லை. அங்கே பி1இல் ஒரு குதிரையும் ஏ4இல் ஒரு குதிரையும் போக்கிடமின்றி நிற்கின்றன. யானைகள் இரண்டும் கீழ் வரிசையில் காத்திருக்கின்றன.