பல் போன இடத்தில் பல்

(கொல்லிமலைச் செம்மேட்டில் பஞ்சாயத்துப் பணியில் ஈடுபட்டோரும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாலையைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் மிளகு விலையைப் பற்றியும் பேசவேண்டிய இம்மன்றத்தில், பல்லைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறோமே என்று சிலர் எண்ணக்கூடும். பல் இழந்த முதியவர் இல்லாத ஊர் இம்மலையில் இல்லை. அவர்களுள் ஒருவர் நம்மிடம், "களி விழுங்கப் பல் எதற்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கேள்வி நியாயமானதே. கேழ்வரகுக் களிக்கும் சாமைக் கஞ்சிக்கும் பல் வேண்டியதில்லை. ஆனால் அவர் அவரையையும் மொச்சையையும் நிலக்கடலையையும் இறைச்சியையும் கைவிட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கேட்டபோது, அவரிடமிருந்து சிரிப்பு வரவில்லை. பல்லோடு சேர்ந்து உடலுக்கு வலுவூட்டும் உணவும் இலையை விட்டுப் போய்விடுகிறது.

இப்பொழுது நகரங்களில் இம்ப்ளாண்ட் என்ற முறையில் பல் வைக்கிறார்கள். கீழே ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் சென்று வருவோர் அதன் விளம்பரங்களைக் கண்டிருப்பார்கள். மிளகை முன்கூட்டியே விலைபேசி, அல்லது நகையை அடகு வைத்து, தந்தைக்குப் பல் கட்ட நினைக்கும் பிள்ளைகளும் உண்டு. அந்தப் பணம் வீணாகாதிருக்கவேண்டுமாயின், அது இன்னதென்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

இம்ப்ளாண்ட் என்பது பல் அன்று, வேர். டைட்டேனியம் என்ற உலோகத்தாலான சிறு திருகாணியைத் தாடை எலும்பில் துளையிட்டு ஊன்றுகிறார்கள். எலும்பு அதைப் பற்றிக்கொண்ட பிறகு, அதன்மேல் ஓர் இணைப்பைப் பொருத்தி, அதற்கும் மேலே கேப் எனப்படும் பல்லை வைக்கிறார்கள். டைட்டேனியத்தைத் தரும் இல்மனைட் கனிமம் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடல்மணலிலேயே கிடைக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

எலும்பு உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் என்பது தற்செயலாகவே தெரியவந்தது. ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி பிரானமார்க் 1952ஆம் ஆண்டில் முயலின் கால் எலும்பில் டைட்டேனியக் கருவி ஒன்றைப் பொருத்தி, இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆராய்ச்சி முடிந்து கருவியைக் கழற்ற முயன்றபோது அது வரவில்லை. எலும்போடு எலும்பாக ஒன்றியிருந்தது. 1965இல் கோதன்பர்க் நகரில் ஒரு மனிதரின் கீழ்த்தாடையில் இம்முறையைக் கையாண்டார். அம்மனிதர் 2006இல் காலமாகும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவை அவருக்குப் பயன்பட்டன. இருந்தும் மற்ற வைத்தியர்கள் எளிதில் நம்பிவிடவில்லை. 1982இல் கனடா நாட்டு டொராண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகே இம்முறை உலகெங்கும் பரவியது. இன்று முறையாக ஊன்றியவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை பத்து ஆண்டுகள் கடந்தும் நிலைத்து நிற்கின்றன.

மிளகுக் கொடிக்குச் சவுக்கு மரம் நடும் நீங்கள், வேர் பிடிக்காத மரத்தில் கொடியை ஏற்றமாட்டீர்கள். இங்கும் அப்படியே. கீழ்த்தாடையாயின் சுமார் மூன்று மாதமும், மேல்தாடையில் எலும்பு மென்மையாதலால் ஆறு மாதம் வரையிலும் காத்திருப்பது வழக்கம். பரிசோதனைக்கும் எக்ஸ்ரே படத்துக்கும் ஒரு முறை, ஊன்ற ஒரு முறை, தையல் பிரிக்க ஒரு முறை, அச்செடுக்க, பல் பொருத்த, பின்பு ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள என்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பலமுறை இறங்கி ஏறவேண்டும். கூலியையும் பஸ் கட்டணத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறோம். தனியார் மருத்துவமனைகளில் ஒரு பல்லுக்கே பல்லாயிரம் ரூபாய் ஆகும் என்பதையும் சொல்லவேண்டும்.

எல்லா வாய்க்கும் இது பொருந்துமா? பொருந்தாது. பல்லை எடுத்த பின் வேலையற்றுப்போன தாடை எலும்பு ஆண்டுக்காண்டு கரைகிறது. பழைய பல்செட் நாளடைவில் ஆடத் தொடங்குவதும் இதனாலேயே. பல் போய் நெடுங்காலமானவருக்குத் திருகாணி நிற்கப் போதிய எலும்பே இல்லாதிருக்கலாம். அப்போது எலும்பு சேர்க்கும் சிகிச்சை தேவைப்படும், செலவும் ஏறும். சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தாதவருக்குப் புண் ஆறாது. பீடி, சிகரெட் புகைப்போருக்கும், புகையிலையை அடக்கிக்கொள்வோருக்கும் தோல்வி அதிகம். வாயைச் சுத்தமாக வைக்காவிட்டால் ஊன்றிய வேரைச் சுற்றிச் சீழ் பிடித்து எலும்பு அரிக்கப்படும். உலோகத்துக்குச் சொத்தை வராது. ஈறுக்கு நோய் வரும். இதை விளம்பரங்களில் நாம் கண்டதில்லை. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர், அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது.

நம் கருத்தைச் சொல்கிறோம். முன்பல் ஒன்றை விபத்தில் இழந்த இளைஞருக்கு, தாடை வளர்ச்சி முடிந்தபின், இம்ப்ளாண்ட் நல்லது. பிரிட்ஜ் கட்டுவதானால் இருபுறமும் உள்ள நல்ல பற்களைத் தேய்க்க நேரும். இதில் அது இல்லை. எல்லாப் பற்களையும் இழந்த முதியவருக்கு வாய் முழுவதும் இம்ப்ளாண்ட் வேண்டுமென்று கடன்படத் தேவையில்லை. கழற்றி மாட்டும் பல்செட்டை முதலில் அணிந்து பார்க்கலாம். மேல் செட் பெரும்பாலும் அண்ணத்தில் ஒட்டி நிற்கும். கீழ் செட்டுதான் ஆடித் தொல்லை கொடுக்கும். அதற்கு முன்புறத்தில் இரண்டே இம்ப்ளாண்டுகளை ஊன்றி, அவற்றின்மேல் செட்டை மாட்டிக்கொள்ளும் வழி உண்டு. 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் இதையே பல்லற்ற கீழ்த்தாடைக்கு முதல் தேர்வாகக் கொள்ளலாம் என்றனர். பலர் இரண்டு இருக்கும் இடத்தில் எட்டைக் கேட்டுச் செலவழிக்கிறார்கள்.

சந்தையில் உட்கார்ந்து ஒரே நாளில் நிரந்தரப் பல் ஒட்டித் தருவோரிடம் வாயைத் திறக்கவேண்டாம். கழற்ற முடியாதபடி ஒட்டிய அப்பல்லின் அடியில் உணவு தங்கி, பக்கத்துப் பற்களும் கெடும். திருச்செங்கோட்டிலும் சேலத்திலும் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி உள்ளது. செலவை அங்கும் விசாரித்து ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை முறை வரவேண்டும், கேப் உடைந்தால் யார் பொறுப்பு, ஊன்றியது நிற்காவிட்டால் என்ன செய்வார்கள் என்பவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பஞ்சாயத்துப் பணியில் உள்ளவர்களிடம் நாம் கேட்பது ஒன்று. உங்கள் ஊரில் மெல்ல முடியாத முதியோர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, கிராம சபையில் வைத்து, பல் மருத்துவ முகாம் வேண்டுமென்று தீர்மானம் இயற்றுங்கள். ஆடி மாதத்தில் வல்வில் ஓரி விழாவுக்கு மலை முழுவதும் இங்கே திரள்கிறது. அந்நாட்களில் வாய்ப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யக் கோரினால், முதியோர் தனியாக ஒரு பயணம் செய்யவேண்டியதில்லை. புகையிலை அடக்கும் பழக்கமுடையோரின் வாயில் ஆறாத புண்ணோ வெண்படலமோ இருந்தால், பல்லைப் பற்றிய பேச்சுக்கு முன் அன்றே அதையும் காட்டிவிடலாம்.