தேடுபொறியும் நம் முன்னோர் ஏடுகளும்



அல்டாவிஸ்டா 1995இலும் கூகுள் 1998இலும் தோன்றின. அந்நாளில் தமிழ்த் தளங்கள் தத்தமக்கெனத் தனித்தனி எழுத்துருக் குறியீட்டைக் கையாண்டமையால், வலையில் இருந்த தமிழும் தேடுவோர்க்கு இல்லாததாயிற்று. யூனிகோடு பரவிய பின்னரே அத்தடை பெரிதும் நீங்கிற்று.

எனினும், எச்சொல்லை இடுவது என்பது நம் பொறுப்பே. பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லாது விட்ட நம் முன்னோரைத் தேடுங்கால் இது மிகவும் வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' மறு ஆண்டில் 'தமிழன்' ஆயிற்று. 'தமிழன்' என்று மட்டும் இட்டால் எண்ணற்ற தமிழர் வருவர், பண்டிதர் வாரார்! ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் சேர்த்திடுக. நம்மூரையே விருத்தாசலம், விருத்தாச்சலம், முதுகுன்றம் எனப் பலவாறு எழுதுகிறோமல்லவா? 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலையாரையும் சீனிவாசன் என்றும் ஸ்ரீநிவாசன் என்றும் எழுதுவர். இரண்டையும் இட்டுப் பாருங்கள்.