வேர் சிகிச்சை செய்த பல் மறுபடி வலித்தால்

கல்லூரியில் படிக்கும்போது எனக்கு ஒரு கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை செய்தார்கள். நாலு வருஷம் கழித்து அதே பல் மறுபடி வலித்தது. "நரம்பையே எடுத்தாச்சே டாக்டர், அப்புறம் எப்படி வலிக்கும்?" என்று கேட்டேன். அவர் எக்ஸ்ரேயைக் காட்டினார். ஒரு வேர்க்கால்வாயில் அடைப்பு பாதியிலேயே நின்றிருந்தது. கீழே காலியாகக் கிடந்த இடத்தில் கிருமி குடியேறி, வேர் நுனியைச் சுற்றியுள்ள எலும்பு வரை போய்விட்டது. வலி அங்கிருந்துதான்.

மறு சிகிச்சையில் பழைய அடைப்பை எடுப்பதுதான் பெரிய வேலை. அந்தப் பொருளுக்குப் பெயர் கட்டா பெர்ச்சா. மலாயாப் பகுதி மரம் ஒன்றின் பாலிலிருந்து வருவது. அந்தக் காலத்தில் கடலடித் தந்திக் கம்பிக்கு உறை போட்டதும் இதே பொருள்தான்! சூடு பட்டால் இளகும். ஆரஞ்சு எண்ணெய், யூகலிப்டஸ் எண்ணெய் போன்றவற்றிலும் இளகும். மேல்பகுதியைச் சூடான கருவியாலோ சுழலும் ஃபைலாலோ எடுத்துவிடுவார்கள். கடைசிச் சில மில்லிமீட்டர்தான் பாடு. அவசரப்பட்டு அழுத்தினால் ஃபைல் உள்ளேயே உடையலாம், வேரில் ஓட்டை விழலாம், கழிவு நுனிக்கு வெளியே தள்ளப்படலாம். அதனால்தான் நடுநடுவே எக்ஸ்ரே. பில்லை ஏற்றத்தான் எடுக்கிறார்கள் என்று நானும் நினைத்தவன்தான்.

எந்த முறையில் எடுத்தாலும் சுவரில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதனால் கிருமிநாசினி விட்டு நன்றாக அலசுவார்கள். தேவைப்பட்டால் உள்ளே மருந்து வைத்து, தற்காலிக அடைப்பு போட்டு அனுப்புவார்கள். வலி நின்றுவிட்டது என்று அடுத்த தேதிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். அந்த அடைப்பு நாளாக நாளாகக் கசியும், பட்ட பாடெல்லாம் வீண்.

உங்கள் போனுக்கு ஒரு வேலை சொல்கிறேன். பழைய எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள், சிகிச்சைச் சீட்டையும் சேர்த்து. என்னிடம் இரண்டுமே இல்லை. டாக்டர் முதலிலிருந்து தேட வேண்டியிருந்தது. பல்லைக் காப்பாற்ற முடியுமா, நுனியில் அறுவை சிகிச்சை வேண்டுமா, பிடுங்குவதே நல்லதா என்று தொடங்கும் முன்பே கேளுங்கள். சென்னை, புதுக்கோட்டை, சிதம்பரம் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் காட்டலாம். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 104-ஐ அழையுங்கள். முகம் வீங்கி, காய்ச்சலோடு விழுங்கவும் சிரமமாக இருந்தால் தள்ளிப்போடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

என் பல்லுக்கு மூன்று தடவை உட்கார வேண்டியிருந்தது. போன மாதம்தான் மேலே உறை போட்டார்கள்.