இரண்டு அட்டவணைகளையும் சேர்த்துப் படிப்போம்

 

வெப்பமண்டலப் பழங்களின் கனிமங்களுக்கு ஓர் அமர்வு, ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள்களுக்கு இன்னோர் அமர்வு என்று இம்மாநாட்டின் நிகழ்ச்சி நிரலை வகுத்திருக்கிறோம். கருவிகள் வேறு, முறைகள் வேறு என்பதால் ஆய்வகத்துக்கு இந்தப் பிரிவினை வசதி. சாப்பிடுகிறவர் வயிற்றில் அப்படிப் பிரிவினை கிடையாது.

கொய்யாவைப் பாருங்கள். 100 கிராம் பழத்தில் இரும்புச்சத்து அரை மில்லிகிராம்கூட இல்லை. நம் நாட்டில் வயதுவந்த பெண்ணுக்குப் பரிந்துரைக்கப்படுவதோ நாளொன்றுக்கு 29 மில்லிகிராம். கனிம அட்டவணையை மட்டும் பார்ப்பவர், இரத்தசோகைக்குக் கொய்யா உதவாது என்று ஒதுக்கிவிடுவார். ஆனால் அதே 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கும் மேல் வைட்டமின் சி இருக்கிறது. அது ஃபெரிக் இரும்பை ஃபெரஸ் இரும்பாக ஒடுக்குகிறது. தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட், இரும்பின் மீது வைத்துள்ள பிடியைத் தளர்த்துகிறது. சோறும் சாம்பாரும் சாப்பிட்ட கையோடு கொய்யா தின்றால், அந்தச் சாப்பாட்டு இரும்பு கூடுதலாக உடலில் சேரும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். அப்படிப்பட்ட நாட்டில் இது சிறிய செய்தியல்ல.

மறுபக்கமும் உண்டு. நாவற்பழத்தைத் துவர்க்கச் செய்யும் டானின்கள், ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனை அளக்கும் டி.பி.பி.எச். சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கும். குடலில் அவையே இரும்பைப் பிணைத்து உறிஞ்சவிடாமலும் தடுக்கும். சோதனைக்குழாயில் கிடைக்கும் எண்ணே உடல்நலத்தின் அளவு என்று கொள்ள முடியாது. அமெரிக்க வேளாண் துறை, அதே திறனைக் காட்டும் தன் ஓராக் மதிப்புப் பட்டியலை 2012-இல் திரும்பப் பெற்றதும் இதனால்தான். நட்சத்திரப் பழத்துக்கும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு மதிப்பு உயர்வுதான். ஆனால் அதிலுள்ள ஆக்சலேட்டும் காரம்பாக்சின் என்ற நச்சும் சிறுநீரக நோயாளிக்கு உயிராபத்தாகலாம்.

ஆகவே கட்டுரையாளர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, ‘கொய்யா’ என்று மட்டும் எழுதாதீர்கள். லக்னோ-49-ஆ, அலகாபாத் சபேதாவா, காயா, செங்காயா, கனியா, எந்த மண்ணில் விளைந்தது என்பதையும் சொல்லுங்கள். இரண்டாவது, ஈர எடையா உலர் எடையா என்று தெளிவாகக் குறியுங்கள். ஐந்தில் நான்கு பங்கு நீராக உள்ள பழத்தில், உலர் எடைக் கணக்கு எண்ணை ஐந்து மடங்காக்கிக் காட்டும். மூன்றாவது, தின்னும் பகுதியை அளந்து சொல்லுங்கள். மங்குஸ்தானின் சாந்தோன்கள் பெரும்பாலும் தோலில் இருக்கின்றன. நாம் தின்பது வெண்சுளையை.

நிறைவு அமர்வில் இரு பிரிவினரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒவ்வொரு பழத்துக்கும் இரு முடிவுகளையும் அருகருகே வைத்து விவாதிக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். அவற்றோடு, செரிமானத்துக்குப் பின் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற அளவீட்டையும் சேர்த்தால், அந்தப் பட்டியலை மருத்துவரும் சத்துணவுத் திட்ட அலுவலரும் நம்பிப் பயன்படுத்தலாம். அந்த எதிர்பார்ப்போடு இம்மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.