பதிலியாய் வந்த காண்டாமிருகம்



பத்தாண்டு நிறைவு விழாவில் திணைக் கோட்பாடு குறித்துப் பேசுமாறு பணித்தீர்கள். வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்வதையே இங்கும் சொல்ல மனம் இசையவில்லை. ஆகவே திணையை அதற்குச் சற்றும் பழக்கமில்லாத ஓரிடத்தில் வைத்துப் பார்க்க முயல்கிறேன். அவ்விடம் வீடியோ நிறுவுகலை.

ஓர் அறை முழுவதையும் படைப்பாகக் கொள்வது இக்கலை. திரை, ஒளி, ஒலி ஆகியவற்றோடு பார்ப்பவர் நடக்கும் தரையும் அதன் உறுப்பே. திரையரங்கில் நாம் இருளில் அமர்ந்துவிடுகிறோம். இங்கோ நிற்கிறோம், சுற்றி வருகிறோம், சில வேளைகளில் ஒளிக்கும் சுவருக்கும் இடையே குறுக்கிடுகிறோம். 1963இல் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் நாம் ஜுன் பைக் என்ற கொரியக் கலைஞர் தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்ததிலிருந்து இதன் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். வரலாறு இவ்வளவு போதும். எனக்கு வேண்டியது ஒரே ஒரு விலங்கு.

ஆப்பிரிக்காவின் வெள்ளைக் காண்டாமிருகத்தில் வடபகுதிக் கிளையினம் ஒன்று உண்டு. 1960ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 2000 இருந்தன என்பது ஆய்வாளர் மதிப்பீடு. கொம்புக்காக அவை கொல்லப்பட்டன. சூடான் என்று பெயரிடப்பட்ட கடைசி ஆண் விலங்கு, குட்டியாய் இருந்தபோதே 1975இல் பிடிக்கப்பட்டு அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் விலங்குக் காட்சிசாலை ஒன்றில் வளர்ந்தது. 2009இல் கென்யாவின் ஓல் பெஜெட்டா காப்பகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. துப்பாக்கி ஏந்திய காவலர் சூழ வாழ்ந்து 2018 மார்ச் 19 அன்று இறந்தது. அதன் மகள் நஜினும், மகள் வயிற்றுப் பெயர்த்தி ஃபாத்துவும் மட்டுமே எஞ்சின.

மறு ஆண்டு, 2019இல், பிரித்தானியக் கலைஞர் அலெக்ஸாண்ட்ரா டெய்சி கின்ஸ்பர்க் 'தி சப்ஸ்டிட்யூட்' என்ற படைப்பை உருவாக்கினார். 'பதிலி' என்று தமிழில் சொல்லலாம். அதன் பதிவைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பதிலிக்கும் ஒரு பதிலி! வெறும் வெள்ளை அறை ஒன்று திரையில் தெரிகிறது. அதில் உயிரளவில் ஓர் ஆண் காண்டாமிருகம் தோன்றுகிறது. முதலில் அது சதுரக் கட்டிகளை அடுக்கியது போன்ற கரட்டு உருவம். அறையில் இங்குமங்கும் நடக்கிறது, திசை அறிகிறது, இடம் பழகப் பழக உருவம் தெளிகிறது. தோலில் மடிப்பு விழுகிறது, மூச்சு கேட்கிறது. செயற்கை நுண்ணறிவு ஆய்வொன்றில் உருவான செயலி தன் இடத்தைக் கற்றுக்கொண்ட பாதையே இவ்விலங்கின் நடைப்பாதை. குரலும் நடத்தையும் அக்கிளையினத்தின் கடைசி மந்தையைப் பதிந்த அரிய படச்சுருள்களிலிருந்து வந்தவை. நன்றாகத் தெளிந்து நம் எதிரே நிற்கும் நேரத்தில் அது மறைகிறது. மீண்டும் கட்டிகளாய்த் தொடங்குகிறது.

இதைப் பார்த்தபோது என் நினைவில் எழுந்தது தொல்காப்பியம். முதல், கரு, உரி என மூன்றாகப் பொருளைப் பகுத்தவர் நம்மவர். நிலமும் பொழுதும் முதற்பொருள். விலங்கு அந்நிலத்தில் கருக்கொண்டு வருவது. தெய்வமும் உணவும் மரமும் புள்ளும் உடனிருக்க, அவற்றுள் ஒன்றாகவே விலங்கு நிற்கும். கின்ஸ்பர்க்கின் காண்டாமிருகத்துக்குப் புல் இல்லை, சேறு இல்லை, வைகறையும் இல்லை, மாலையும் இல்லை. முதற்பொருள் அகற்றப்பட்ட கருப்பொருள் அது. உயிர் தெளியத் தெளிய அதன் வறுமையும் தெளிகிறது. தன் இயற்கைச் சூழலின்றி இப்படிப் பிழைத்தெழுவது விலங்குதானா என்பதே கலைஞர் எழுப்பும் வினா. இருக்கும் உயிரைக் காக்க மனமில்லாத நாம் புதிய உயிரைப் படைக்க ஏன் இத்துணை ஆவல் கொள்கிறோம் என்றும் அவர் கேட்கிறார்.

வினா வெறும் கற்பனையன்று. உறைய வைத்த விந்தணுவையும் ஃபாத்துவின் கருமுட்டைகளையும் கொண்டு ஆய்வாளர் கருக்களை உருவாக்கி வைத்துள்ளனர். தென்பகுதிக் கிளையினத்தின் கரு ஒன்று வாடகைத் தாயின் வயிற்றில் நிலைத்ததை 2024 சனவரியில் அறிவித்தனர். அத்தாய் நோய்த்தொற்றால் இறந்துவிட்டது. முயற்சியை நான் இகழவில்லை. நாளை ஒரு கன்று பிறந்தால் மகிழ்வேன். ஆனால் அதற்கு மேய்ச்சல் கற்பிக்கும் மந்தை எங்கே?

மரபியல் இளமைப் பெயர் ஒன்பதைத் தருகிறது. பின் ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் என வகுத்துச் செல்கிறது. மாணவர்க்கு இது மனப்பாடச் சுமை. ஆணும் இல்லாமல், இளமையும் இல்லாமல், இரண்டு பெண்கள் மட்டும் எஞ்சிய ஓர் இனத்தை அறிந்த பின் அந்நூற்பாக்கள் எனக்கு வேறாக ஒலிக்கின்றன.

படைப்பில் எனக்கொரு குறையும் தோன்றுகிறது. அவ்வறை மிகத் தூய்மையானது. கொன்றவனும் அங்கில்லை, கொம்பை விலைக்கு வாங்கியவனும் இல்லை. இங்கே அமெரிக்கக் கலைஞர் டயானா தேட்டரை நினைக்கிறேன். 1986இல் அணுஉலை வெடித்து மக்கள் வெளியேறிய செர்னோபில் நிலத்தில், 1998 முதல் பிரெஷ்வால்ஸ்கி குதிரைகள் விடப்பட்டன. மங்கோலியப் புல்வெளிகளில் அற்றுப்போய், காட்சிசாலைகளில் மட்டும் பிழைத்திருந்த காட்டுக்குதிரைகள் அவை. தேட்டர் அங்கே சென்று படம் பிடித்தார். பிரிபியாத் நகரின் பாழடைந்த திரையரங்கின் உட்புறமும் அக்குதிரைகளும் அறையின் சுவர்களில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. அவருடைய படைப்புகளில் ஒளியைப் பெரும்பாலும் மறைப்பதில்லை. நடப்பவர் நிழல் படத்தின் மேல் விழும். விலங்கைப் பார்க்கப் போனவர் தம்மையும் அங்கே காண்கிறார். முன்னது நிலமிழந்த விலங்கு. பின்னது மனிதன் நஞ்சாக்கிவிட்டு நீங்கிய நிலத்தில் மேயும் விலங்கு.

கவிஞர்களாகிய உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உரிப்பொருளே தலையாயது, முதலும் கருவும் இன்றியும் பாட்டு அமையலாம் என்பது மரபாளர் கொள்கை. மனித உணர்வுக்குக் கீழேதான் நாமும் நிலத்தை வைத்தோம். ஆயினும் பாலைக்கலியில், கன்று கலக்கிய சிறிதளவு நீரைப் பிடிக்கு முதலில் ஊட்டிப் பின் தான் உண்ணும் களிற்றைப் பாருங்கள். தலைவியைத் தேற்றவே அக்களிறு வருகிறது; எனினும் வறண்ட நிலமும், கலங்கிய நீரும், கலக்கிய கன்றும் அங்கு உண்மையாக உள்ளன. இன்று நம் கவியரங்குகளில் வரும் யானைக்கும் புலிக்கும் எந்தக் காடு, எந்தப் பொழுது என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. அவையும் வெள்ளை அறையில்தான் உலவுகின்றன.

தலைவனுக்கோ தலைவிக்கோ தூதாகாமல், உவமையாகாமல், தன் நிலத்தில் தனக்காகவே ஒரு விலங்கு நிற்கும் பாட்டுக்கு நம் அகத்திணையில் இடமுண்டா? எனக்கு உறுதியில்லை, புறத்திணையில் தேடலாமோ என்று ஓர் ஐயம் மட்டும் உண்டு. அடுத்த அமர்வில் பேசவிருக்கும் புலவர் பெருமக்கள் இதனை எடுத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொண்டு அமைகிறேன்.