நாற்காலி இல்லாத வீட்டில் 15 மதிப்பெண்

(பூர்வகுடி மக்கள் உரிமை பற்றிய கலந்துரையாடல் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் தொழில்வழிச் சிகிச்சையாளர். பெயரைக் கேட்டதும் வேலை வாங்கித் தருபவர் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. பக்கவாதத்தாலோ விபத்தாலோ கைகால் முடங்கியவர்கள், உண்பது, உடுத்துவது, சமைப்பது, பிழைப்பைப் பார்ப்பது என்று தங்கள் அன்றாடத்துக்குத் திரும்ப உதவுவதுதான் எங்கள் பணி. அந்த அன்றாடம் யாருடையது என்பதில்தான் சிக்கல்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது வேலை செய்த மருத்துவமனைக்கு ஒரு செமாய் மூதாட்டி பக்கவாதத்தோடு வந்தார். பிளாஸ்டிக் கூம்புகளை அடுக்கச் சொன்னேன், முணுமுணுக்காமல் அடுக்கினார். பார்த்தெல் அளவுகோலில் மதிப்பெண் போட்டேன். 1965-இல் அமெரிக்காவில் வெளிவந்த அட்டவணை அது. இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. மொத்தம் 100. படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தானாகவே மாறினால் 15. பாட்டி அந்தப் பதினைந்தையும் வாங்கிவிட்டார். 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து அவருடைய கம்பத்துக்குப் போனேன். வீட்டில் கட்டிலும் இல்லை, நாற்காலியும் இல்லை. மூங்கில் தரை, அதன்மேல் பாய். தரையிலிருந்து எழ அவரால் முடியவில்லை. நான் அதைப் பழக்கவே இல்லையே! ஏணியில் இறங்க முடியாததால் ஆற்றுக்கும் போவதில்லை. சுவரோரம் உட்கார்ந்தே இருந்தார். மகள் கோபப்படாமல் கேட்டார்: "அம்மா வீட்டில் என்ன செய்வார் என்று எங்களை ஏன் கேட்கவில்லை?"

பாட்டி மெங்குவாங் பாய் பின்னுகிறவர். அன்றிலிருந்து சிகிச்சையைத் திருத்தியவர்கள் மகளும் பக்கத்து வீட்டுப் பெண்களும். முள்ளைச் சீவி, இலையைக் கிழித்துக் கொடுப்பது அவர்கள். தரையில் உட்கார்ந்து கீற்றை அழுத்திப் பிடித்துப் பின்னுவது பாட்டி. எங்கள் பாடப்புத்தகத்தில் 'சுயமாகச் செய்தல்' என்பதுதான் மந்திரம். பலர் கூடிப் பின்னும் பாயை அந்தக் கணக்கில் போட்டால் 'துணை தேவை' என்று மதிப்பெண் குறையும்!

இதை வெறும் அட்டவணைக் கோளாறு என்று நான் நினைக்கவில்லை. அவசரகாலத்தில், இந்த மக்களைக் கம்யூனிஸ்டுகளிடமிருந்து பிரிப்பதற்காக ஆங்கிலேயர் ஆட்சி அவர்களைக் காட்டிலிருந்து அகற்றி வேலிக்குள் குடியமர்த்தியது. அங்கே பலர் மடிந்தார்கள். 1954-இல் அவர்களுக்கென்று ஒரு சட்டமும் எழுதியது. உனக்கு எது நல்லது என்பதை நான் தீர்மானிக்கிறேன் என்ற அந்தப் பழக்கம் என் பேனாவிலும் இருந்தது. நாம் மட்டும் யோக்கியமா? அடிமை என்று பொருள்படும் 'சாக்காய்' என்ற சொல் நம் வீடுகளிலும் புழங்கியதுதானே?

மெங்குவாங் வளரும் இடத்தைச் செம்பனைக்காக அழித்துவிட்டால் பாட்டியின் கை தேறி என்ன பயன்? லிங்கியு அணைக்காக ஜொகூரின் ஜக்கூன் மக்கள் தங்கள் பாரம்பரிய நிலத்தை இழந்தார்கள். அடோங் குவாவும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் 1996-இல் உயர் நீதிமன்றம் 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் இழப்பீடு வழங்கியது. நிலத்துக்கு மட்டுமல்ல, காட்டு விளைபொருளை இழந்ததற்கும், வருங்கால வாழ்வை இழந்ததற்கும் சேர்த்துத்தான். நீதிமன்றத்துக்குப் புரிந்த அந்த இழப்பைக் குறிக்க எங்கள் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

இப்போது நாங்கள் சிலர் பாத்தினிடம் அனுமதி கேட்ட பிறகே கம்பத்துக்குள் போகிறோம். கேள்விகளை ஊர்ப் பெண்களே சொல்கிறார்கள்: தரையிலிருந்து எழ முடிகிறதா, ஏணி இறங்க முடிகிறதா, உணவைப் பிறருக்குப் பங்கிட்டுக் கொடுக்க முடிகிறதா. கடைசிக் கேள்வி எனக்குத் தோன்றியே இருக்காது. மருத்துவமனையில் இன்னமும் பார்த்தெல் படிவத்தைத்தான் கேட்கிறார்கள். அதையும் நிரப்பித்தான் கொடுக்கிறேன்.

போன முறை பாட்டியின் மகள் ஒரு கோரிக்கை வைத்தார். அடுத்த தடவை சிகிச்சையாளர் ஒருவர் குறைந்தாலும் பரவாயில்லையாம். கம்பத்து எல்லையை அளந்து வரைபடம் போடத் தெரிந்தவர் ஒருவரை அழைத்து வர வேண்டுமாம். இந்த அவையில் அப்படி யாராவது இருந்தால், தேநீர் வேளையில் என்னை வந்து பாருங்கள்.