படத்தொகுப்பும் இருப்புப் பாதையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

     

இம்மேடையில் இலக்கியம் பேசுவோர் உண்டு. இசை பேசுவோர் உண்டு. நாமோ இரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்ப்பவர்; பள்ளி இறுதி வகுப்புக்கு மேல் படித்தவர் அல்லர். அத்தகைய நம்மைக் கணினியில் படத்தொகுப்புச் செய்வது குறித்துப் பேசுமாறு செயலாளர் பணித்தமைக்குக் காரணம் நமது புலமை அன்று. நமது பிழையே ஆகும். அப்பிழையை முதலிற் கூறிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஆண்டு விழாவில், கோலார் தங்க வயலில் உழைத்துப் பின் பெங்களூருவில் குடியேறிய பெரியவர் ஒருவர் நாற்பது நிமிடம் பேசினார். 2001ஆம் ஆண்டு மூடப்பட்ட அச்சுரங்கங்களின் ஆழத்தில் தாம் கண்ட வெப்பத்தையும் இருளையும், மேலே தமிழர் குடியிருப்புகளில் நடந்த மாலைப் பள்ளிகளையும் அவர் எடுத்துரைத்தபோது அவையில் பலர் கண் கலங்கினர். சங்கத்து இளைஞர் ஒருவர் அதனை ஒளிப்பதிவு செய்து, தம் கணினியில் தொகுக்கத் தொடங்கினார். இடையில் வேலை மாற்றம் வந்து வெளியூர் சென்றார். செல்லுமுன் ‘ஆண்டு விழா’ என்று பெயரிட்ட கோப்பு ஒன்றையும், மூலப் பதிவுகள் அடங்கிய வன்தட்டையும் நம்மிடம் ஒப்படைத்தார். வன்தட்டில் இடம் போதவில்லை. கோப்புதான் இருக்கிறதே என்று எண்ணி, மூலப் பதிவுகளை நாமே அழித்துவிட்டோம்.

மறு ஆண்டு அப்பெரியவர் காலமானார். அவருடைய மகளார் வந்து, ‘அப்பாவின் பேச்சைப் பிள்ளைகளுக்காகக் கொடுங்கள், ஐயா’ என்று கேட்டார். கோப்பைத் திறக்க முயன்றோம். அந்த மென்பொருளுக்குச் சந்தா கட்ட வேண்டியிருந்தது, கட்டினோம். கோப்பும் திறந்தது. ஆயின் படம் இருக்க வேண்டிய இடங்களிலெல்லாம், மூலக் கோப்பு கிடைக்கவில்லை என்னும் அறிவிப்பே தோன்றியது. தொகுப்புக் கோப்பு என்பது படம் அன்று. எந்தப் பதிவில் எந்த நொடி முதல் எந்த நொடி வரை எடுக்க வேண்டும் என்று குறித்து வைத்த பட்டியல் மட்டுமே. சரக்கை எரித்துவிட்டுச் சரக்குச் சீட்டைப் பத்திரப்படுத்திய எழுத்தரின் கதை நம் கதை. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியிருந்த இரண்டு நிமிடத் துண்டு ஒன்றே எஞ்சியது.

அன்று முதல் இத்துறையைக் கேட்டும் செய்தும் கற்றுவருகிறோம். கற்றதன் சாரம் ஒன்றே: மென்பொருளை முதலில் தேர்ந்தெடுத்தல் கூடாது, அதனை இறுதியிலேயே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

இதனை நாம் அறிந்த இரயில் பாதையைக் கொண்டே விளக்குவோம். 1864ஆம் ஆண்டு சோலையார்பேட்டை வழியாகப் பெங்களூரு தண்டுப் பகுதிக்கு வந்தது அகலப் பாதை. தண்டவாளங்களுக்கு இடையே 1676 மில்லிமீட்டர். பின்னர் மைசூருக்குப் போடப்பட்டதோ மீட்டர் பாதை, 1000 மில்லிமீட்டர். இரண்டும் நல்ல பாதைகளே. எனினும் ஒன்றின் பெட்டி மற்றொன்றில் ஓடாது. சென்னையிலிருந்து மைசூர் செல்லும் சரக்கைப் பெங்களூருவில் இறக்கி வேறு பெட்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. ஒவ்வோர் ஏற்றிறக்கத்திலும் காலம் போகும், கூலி போகும், சில பொருள் உடையும். 1990களில் மைசூர்ப் பாதையும் அகலப் பாதையான பின்னரே இத்தொல்லை ஒழிந்தது.

படத்தொகுப்பிலும் இவ்வாறே. ஒளிப்பதிவுக் கருவி, கணினி, மென்பொருள், எழுத்துரு, இறுதியில் காட்டும் திரை ஆகியவை ஒரே அளவுப் பாதையில் அமைய வேண்டும். அமையாவிடில் ஒவ்வொரு நிலையத்திலும் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டிவரும். மாற்றுந்தோறும் படத்தின் தெளிவு குறையும்.

ஆகவே முதலில் சேருமிடத்தைக் குறிக்க வேண்டும். நமக்கு வேண்டியவை இரண்டு: இப்போது மண்டபத் திரையிலும் வீட்டுத் தொலைக்காட்சியிலும் ஓடக்கூடிய பிரதி ஒன்று, இருபது ஆண்டு கழித்து நம் பேரப்பிள்ளைகள் எடுத்துப் பார்க்கக்கூடிய சேமிப்புப் பிரதி மற்றொன்று. முன்னதற்கு 1920க்கு 1080 அளவில், எச்.264 என்னும் சுருக்குமுறையில் அமைந்த எம்பி4 கோப்பு போதும். இன்று ஓடாத கருவி அரிது. பின்னதற்குக் குறைவாகச் சுருக்கப்பட்ட புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவம் ஏற்றது. புரோரெஸ் 422 வடிவில், நொடிக்கு 25 படங்கள் வீதம், மணிக்குச் சுமார் 55 ஜிகாபைட் இடம் பிடிக்கும்.

அடுத்து புறப்படுமிடம். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. பல விளக்குகளின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். பெரும்பாலான கைப்பேசிகளோ நொடிக்கு 30 படங்கள் எடுக்குமாறு அமைந்து வருகின்றன. அதனால் மண்டப விளக்கில் எடுத்த படம் சில வேளை மினுக்கும். எல்லாக் கருவிகளையும் 25 படங்களுக்கும், ஷட்டரை ஒரு நொடியின் 50இல் ஒரு பங்குக்கும் அமைத்தல் நலம். ஒரு கைப்பேசியில் 25 கிடைக்காவிடில் எல்லாவற்றையும் 30க்கே வைத்து, ஷட்டரை மட்டும் 50இல் ஒரு பங்காக நிறுத்துங்கள். ஒன்று 25, மற்றொன்று 30 என்று கலப்பதே தீங்கு.

கைப்பேசிகளுக்கு இன்னொரு குணம் உண்டு. வெளிச்சத்துக்கேற்ப நொடிக்கு எத்தனை படம் என்பதையே அவை சற்று மாற்றிக்கொள்ளும். தொகுக்கும்போது வாய் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளில் ‘மாறா வேகம்’ என்ற தேர்வைக் கொண்டு தொடக்கத்திலேயே ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். ஒலியை நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற அளவில் பதிவு செய்க. கருவிகள் எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஒருவர் ஒருமுறை கைதட்டுக. அவ்வோசையை வைத்து மூன்று பதிவுகளையும் ஒன்றாகப் பொருத்திவிடலாம்.

மூன்றாவது, நடுவிலுள்ள கணினி. எச்.264 முறையில் சில படங்களே முழுமையாகப் பதியப்படுகின்றன. ஏனையவற்றுக்கு அடுத்துள்ள படங்களோடு உள்ள வேற்றுமை மட்டும் பதியப்படுகிறது. ஆகையால் நடுவில் ஒரு படத்தைக் காட்ட வேண்டுமெனில் கணினி பல படங்களைக் கணக்கிட வேண்டும். பழைய கணினி திணறுவது இதனாலேயே. இதற்குப் புதுக் கணினி வாங்க வேண்டுவதில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் சிறிய பதிலிக் கோப்பு ஒன்றை உண்டாக்கி அதனை வைத்துத் தொகுத்து, இறுதியில் மூலத்திலிருந்து படத்தை ஆக்கிக்கொள்ளும் வசதி பல மென்பொருள்களில் உண்டு.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பர். நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதியும் கருவி, மணிக்கு 22.5 ஜிகாபைட் இடம் கேட்கும். மூன்று மணி நேர விழாவுக்கு மூன்று கருவிகள் எனில் 202.5 ஜிகாபைட். இக்கணக்கை விழாவுக்கு முன் போட்டிருந்தால், இடமில்லை என்று நாம் அப்பெரியவரின் குரலை அழித்திருக்க மாட்டோம்.

இனித்தான் மென்பொருள். அடோபி பிரீமியர் பலரும் கற்ற கருவி. ஆனால் சந்தா தொடர்ந்து கட்ட வேண்டும். பைனல் கட் புரோ விரைவானது. ஆப்பிள் நிறுவனத்தின் கருவிகளில் மட்டுமே இயங்கும். 2011இல் அதன் புதிய பதிப்பு வெளிவந்தபோது பழைய பதிப்பில் செய்த தொகுப்புகளை அதனால் நேரே திறக்க முடியாமற் போயிற்று. தொழில் வல்லுநர் பலர் வேறு மென்பொருளை நாடினர். டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பும் உடையது. வண்ணத் திருத்தத்தில் பெயர் பெற்றது. ஆனால் நல்ல வரைகலை அட்டை கேட்கும். லினக்ஸ் கணினியில் அதன் இலவசப் பதிப்பு எச்.264 கோப்புகளை ஏற்காது. தொகுப்பைத் தன் தரவுத்தளத்துக்குள் வைத்துக்கொள்வதால், மறவாமல் வெளியே எடுத்து வைத்தல் வேண்டும். கேடென்லைவ் கட்டற்ற மென்பொருள். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். பதிலிக் கோப்பு வசதி உண்டு. தொகுப்பையும் அதற்குரிய எல்லா மூலங்களையும் ஒரே இடத்தில் திரட்டிக் கொடுக்கும் வசதியும் உண்டு.

எது சிறந்தது என்று கேட்பீர்கள். அவரவர் பாதைக்கு ஏற்றதே சிறந்தது. திருமணப் படம் எடுத்துப் பிழைப்பவர் சந்தா கட்டலாம். உழைப்பு அதனை ஈட்டித் தரும். நம் சங்கத்தின் நிலை வேறு. கணினி பழையது, தொண்டர்கள் ஆண்டுதோறும் மாறுவர், சந்தாவுக்குப் பணம் இல்லை. ஆதலின் கேடென்லைவைத் தேர்ந்தோம்.

தமிழருக்கு மட்டும் உரிய சோதனை ஒன்று உண்டு. எந்த மென்பொருளையும் ஏற்குமுன் அதில் ‘கொண்டாட்டம்’, ‘நெஞ்சம்’, ‘ஸ்ரீ’ என்று எழுதிப் பாருங்கள். ஒருங்குறியில் கொம்பு, மெய்யெழுத்துக்குப் பின்னே சேமிக்கப்பட்டு முன்னே காட்டப்படுவது. இதனை அறியாத மென்பொருளில் கொம்பு வேறாகவும் எழுத்து வேறாகவும் நிற்கும். சிலவற்றில் தெற்காசிய எழுத்துகளுக்குரிய அமைப்பைத் தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய, ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களைத் தவிர்த்துவிடுங்கள். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் நம் தமிழ் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றும். கன்னட நண்பர்களுக்காக மொழிபெயர்ப்பு வரிகள் சேர்ப்பதாயின், அவற்றைத் தனி எஸ்ஆர்டி கோப்பாக வையுங்கள். பிழை திருத்தலும் எளிது, வேறு மொழி சேர்த்தலும் எளிது.

இவ்வொழுங்கு புதிதன்று. சென்னைத் திரையுலகில் பன்னெடுங்காலம் படச்சுருளைக் கையால் வெட்டி ஒட்டியே தொகுத்தனர். 1990களில் அவிட் முதலிய கணினித் தொகுப்பு வந்தது. ஆயினும் படம் பிடித்தது சுருளில்தான். சுருளின் ஓரத்தில் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். கணினியில் தொகுத்து முடித்ததும் அவ்வெண்களின் பட்டியல் கிடைக்கும். அதன்படி மூலச் சுருளை வெட்டி இணைப்பர். எண் தவறினால் மூலமே பாழாகும். மூலத்தைக் காப்பதும், மூலத்துக்கும் தொகுப்புக்கும் உள்ள தொடர்பைக் காப்பதுமே அத்தொழிலின் அறமாய் இருந்தது. கருவி மாறிவிட்டது, அறம் மாறவில்லை.

எனவே இவ்வாண்டு நாம் வகுத்த முறை இது. விழா முடிந்த இரவே எல்லாப் பதிவுகளையும் இரண்டு வன்தட்டுகளில் படியெடுப்போம். மூன்றாம் படி இணையச் சேமிப்பில் இருக்கும். ஒரு வன்தட்டு சங்கத்தில், மற்றொன்று பொருளாளர் இல்லத்தில். மூன்றையும் திறந்து பார்க்கும் வரை கருவியின் அட்டையை யாரும் அழித்தல் கூடாது. மூலம், ஒலி, பதிலி, தொகுப்பு, எழுத்துரு, முடிவு என ஆறு கோப்புறைகள். கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கும். தொகுக்கத் தொடங்கியபின் கோப்புறையின் பெயரையோ இடத்தையோ மாற்றுதல் ஆகாது. இவையனைத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மையால் எழுதி வைப்போம். எழுத்தரின் வழக்கம் என்று நகைக்கலாம். நோட்டுக்குச் சந்தா இல்லை.

புதிய பாதை போட்டவுடன் பயணியரை ஏற்றுவதில்லை; இரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து சோதித்து ஒப்புதல் தந்த பின்னரே வண்டி ஓடும். நாமும் ஐந்து நிமிடப் படம் ஒன்றை எடுத்து, தொகுத்து, தமிழ்த் தலைப்பிட்டு, மண்டபத் திரையில் ஓட்டிப் பார்த்தோம். பின்னர் அத்தொகுப்பை வேறொருவர் வீட்டுக் கணினியில், அவர் கையாலேயே திறக்கச் செய்தோம். முதன்முறை எழுத்துரு வரவில்லை. அதனையும் கோப்புறையில் சேர்த்தோம். இரண்டாம் முறை எல்லாம் வந்தது. இளைஞர்களே, செய்தவர் ஊரில் இல்லாதபோதும் அடுத்தவரால் திறக்க முடிகிறதா என்பதே மெய்யான சோதனை. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் செல்லும் நம்மவர்க்கு இது இன்றியமையாதது.

அப்பெரியவரின் மகளார் இவ்வவையில் அமர்ந்திருக்கிறார். அவரிடம் நாம் முன்னரே மன்னிப்புக் கேட்டோம். ‘போனது போகட்டும் ஐயா, அப்பா சொன்னதில் எனக்கு நினைவிருப்பதை நான் சொல்கிறேன்’ என்றார். நமக்கு அடுத்து அவர் பேசவிருக்கிறார். மூன்று கருவிகளும் 25 படங்களுக்கு அமைக்கப்பட்டு ஓடிக்கொண்டிருக்கின்றன. வன்தட்டில் இடமும் இருக்கிறது. அவர் மேடையேறியதும் முன்வரிசையில் உள்ள ஒருவர் ஒருமுறை மட்டும் கைதட்டுக. ஏனையோர் பேச்சு முடிந்தபின் தட்டலாம்.